கேசினோ திறந்திருந்தது, கடற்கரை மூடியிருந்தது

நியூ ஜெர்ஸியில் குடியிருக்கிறவர்களுக்கு 6.625 என்ற எண் அத்துப்படி. துணிமணி, அரிசி பருப்பு மாதிரி சிலதைத் தவிர எதை வாங்கினாலும் ரசீதின் அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும் விற்பனை வரி அது. 2006 ஜூலை வரை இது 6 சதவீதமாக இருந்தது. அதை 7 ஆக்கியே தீருவேன் என்று அப்போதைய கவர்னர் ஜான் கோர்சைனும், ஆக்க விடமாட்டோம் என்று அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே பெரும்பான்மையாக இருந்த கீழவையும் மல்லுக்கு நின்றதில், அட்லாண்டிக் சிட்டியில் இருந்த 12 கேசினோக்களும் ஒரே நாள் காலையில் இழுத்து மூடப்பட்டன.

விற்பனை வரிக்கும் சூதாட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? நேரடியாக ஒன்றும் இல்லை. ஆனால் சூதாட்டத்தைக் கண்காணிக்கிற அரசு அலுவலகத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அந்தப் பணத்தை எடுக்கும் சாவி யார் கையில் இருக்கிறது என்று எனக்கு விளங்கவைத்தது இந்தக் கதைதான். ரொம்ப நாளாக எழுத நினைத்தது. பட்ஜெட் சமாச்சாரம் என்றதும் ஓடிவிடாதீர்கள், இதில் சுவாரசியம் இருக்கிறது.

நியூ ஜெர்ஸியில் நிதியாண்டு ஜூலை 1-ம் தேதி தொடங்குகிறது. ஜூன் 30 நள்ளிரவுக்குள் பட்ஜெட் கையெழுத்தாக வேண்டும். கருவூலத்திலிருந்து ஒரு காசு எடுப்பதென்றாலும் அதற்குச் சட்டமன்றம் ஒதுக்கீடு செய்திருக்க வேண்டும் என்று மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். 2006-ல் கோர்சைன் முன்னால் சுமார் 450 கோடி டாலர் துண்டு விழுந்து கிடந்தது. அதை அடைக்க விற்பனை வரியை ஒரு சதவீதம் ஏற்ற வேண்டும் என்றார் அவர். கீழவை சபாநாயகர் ஜோசப் ராபர்ட்ஸ் முடியாது என்றார். ஜூன் 30 வந்தது, போனது, பட்ஜெட் இல்லை. ஜூலை 1-ம் தேதி கவர்னர் அரசாங்கத்தை மூட உத்தரவு போட்டார். போலீஸ், சிறை, மருத்துவமனை போன்ற அத்தியாவசியப் பணிகள் மட்டும் ஓடலாம், மற்ற ஊழியர்கள் எல்லாம் வீட்டுக்குப் போங்கள் என்பது உத்தரவு. லாட்டரி விற்பனை நின்றது. கேசினோக்களுக்குச் சில நாள் அவகாசம் கிடைத்தது, ஜூலை 4 சுதந்திர தினம் கழியட்டும் என்பது போல. ஜூலை 5, புதன்கிழமை காலை 8 மணிக்கு அவையும் மூடின.

கேசினோ தனியார் சொத்துதானே, அரசு ஊழியர் வீட்டுக்குப் போனால் அது ஏன் மூட வேண்டும் என்று தோன்றலாம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. அன்றைய சட்டப்படி, கேசினோ திறந்திருக்கும் நேரமெல்லாம் கேசினோ கன்ட்ரோல் கமிஷன் என்ற மாநில ஆணையத்தின் இன்ஸ்பெக்டர் உள்ளே இருந்தாக வேண்டும். அட்லாண்டிக் சிட்டி கேசினோக்கள் 24 மணி நேரமும் திறந்திருப்பவை, அப்படியானால் இன்ஸ்பெக்டரும் 24 மணி நேரம். ஆட்டத் தளத்திலேயே அவர்களுக்கு ஒரு கூண்டு இருக்கும். டீலர் ஏமாற்றிவிட்டார் என்று ஆடுகிறவர் புகார் சொன்னால் அங்கே போய்த்தான் சொல்லவேண்டும். அதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆட்ட மேசைக்கு அடியிலும் பூட்டிய பெட்டி ஒன்று தொங்கும், ஆடுகிறவர் சிப் (பந்தயத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை) வாங்கக் கொடுக்கும் நோட்டு அதற்குள்தான் போகும். அந்தப் பெட்டிகளை எண்ணும் அறைக்குக் கொண்டுபோய்த் திறந்து கேசினோ ஆட்கள் எண்ணுவார்கள், ஆணையத்தின் ஆள் பக்கத்தில் நின்று பார்ப்பார். அரசுக்குச் சேரவேண்டிய வரி அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் கணக்காகும். பார்ப்பதற்கு ஆள் இல்லாவிட்டால் எண்ண முடியாது, எண்ண முடியாவிட்டால் ஆட்டம் கிடையாது. அவ்வளவு எளிமையான ஏற்பாடு.

கோர்சைனின் உத்தரவுப்படி இந்த இன்ஸ்பெக்டர்கள் அத்தியாவசிய ஊழியர்கள் பட்டியலில் இல்லை. ஆகவே மூடு.

கேசினோக்காரர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். அவர்கள் பக்கத்து நியாயம் கேட்க ஜோராகவே இருந்தது. ஏனென்றால் அந்த இன்ஸ்பெக்டர்களின் சம்பளத்துக்கு மக்கள் வரிப்பணத்திலிருந்து ஒரு டாலர்கூடப் போவதில்லை. மொத்தச் செலவும் கேசினோக்கள் தலையில்தான். லைசென்ஸ் கட்டணம், காசு போட்டு ஆடும் ஒவ்வொரு ஸ்லாட் மெஷினுக்கும் வருடாந்தரக் கட்டணம், விசாரணை அதிகாரிகள் செலவிட்ட நேரத்துக்கு மணிக்கணக்கில் பில் என்று எல்லாவற்றையும் வசூலித்து கேசினோ கன்ட்ரோல் ஃபண்ட் என்ற தனிக் கணக்கில் போட்டு, அதிலிருந்துதான் ஆணையமும், அட்டர்னி ஜெனரலின் கீழ் இருக்கும் கேமிங் என்ஃபோர்ஸ்மென்ட் பிரிவும் நடக்கின்றன. எங்கள் பணத்தில் சம்பளம் வாங்குகிற ஆளை நிறுத்திவைத்து எங்களையே மூடச் சொல்வது என்ன நியாயம் என்பது அவர்கள் வாதம். நீதிமன்றத்தில் அது பலிக்கவில்லை.

எனக்கு அந்த நேரத்தில் இந்த முடிவின் சூட்சுமம் பிடிபடவில்லை. பிறகு ஒரு கோடையில் சித்தப்பாவும் சித்தியும் ஊரிலிருந்து வந்திருந்தபோது, எடிசன் ஊரில் இருக்கும் எல்லோரும் விருந்தாளிகளைக் கூட்டிப்போகிற வழக்கப்படி அட்லாண்டிக் சிட்டிக்குப் போனோம். டிரம்ப் தாஜ்மஹால் என்ற கேசினோ அப்போது திறந்திருந்த காலம். வாசலில் நின்ற கல் யானைகளையும் வெங்காயக் கோபுரங்களையும் பார்த்து சித்தி சிரித்ததை இன்னும் மறக்கவில்லை, "ஆக்ராவுல இருக்கறவன் பார்த்தா கேஸ் போட்டுருவான்" என்றார். சித்தப்பா தஞ்சாவூர்ப் பக்கம் சார்நிலைக் கருவூலத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு ரூலெட் சக்கரமும் பிடிக்கவில்லை, ஸ்லாட் மெஷினின் சத்தமும் பிடிக்கவில்லை. ஆணையத்தின் கூண்டைப் பார்த்ததும்தான் மனிதருக்கு முகம் தெளிந்தது.

"இவரு கவர்ன்மென்ட் ஆளா? சம்பளம் யாருப்பா குடுக்கறா?" என்றார்.

கேசினோதான் சித்தப்பா என்றேன். நம்பவில்லை. ஃபண்ட், கட்டணம், 2006-ல் நடந்த கூத்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அப்போ பணம் அவங்களுது, பில்லு பாஸ் பண்றது இவங்க. சரியாத்தான் இருக்கு. ஒதுக்கீடு இல்லாம பில்லை எங்கிட்ட நீட்டினாலும் நான் திருப்பி அனுப்பிருப்பேன், அவன் எந்தக் கணக்குல பணம் கட்டிருந்தா எனக்கென்ன" என்றார். கருவூலத்து ஆளுக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. நம் ஊரிலும் அதே கதைதானே, சட்டமன்றம் ஒதுக்கீடு செய்யாமல் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க முடியாது. பட்ஜெட் நிறைவேறத் தாமதமானால் இடைக்காலத்துக்கு ஒரு செலவின அனுமதி வாங்கிக்கொண்டு வண்டி ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வழியை அன்றைக்கு நியூ ஜெர்ஸியில் யாரும் எடுக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள், அந்த ஃபண்ட் மட்டும் சட்டமன்றத்தைத் தொடாமல் கேசினோவிலிருந்து நேராக ஆணையத்துக்குப் போகிற மாதிரி இருந்திருந்தால் என்ன ஆகும். கேசினோ கட்டணத்தை நிறுத்தினால் ஆணையம் பட்டினி. ஆணையம் கண்டிப்பைக் குறைத்தால் கட்டணம் தவறாமல் வரும். இதை லஞ்சம் என்றுகூடச் சொல்ல முடியாது, அதைவிட மரியாதையான ஏதோ ஒன்று. பணம் கருவூலத்துக்குள் போய், சட்டமன்றத்தின் கையால் வெளியே வரும்போது அதன் நிறம் மாறிவிடுகிறது.

அந்த அளவுக்குக் கறாராக ஏன் சட்டம் செய்தார்கள் என்றால் பயம்தான் காரணம். 1974-ல் மாநிலம் முழுவதும் கேசினோ அனுமதிக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள், மக்கள் முடியாது என்றார்கள். 1976-ல் அட்லாண்டிக் சிட்டிக்கு மட்டும் என்று குறுக்கி, வருமானம் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் போகும் என்று சொல்லிக் கேட்டார்கள், சரி என்றார்கள். 1977 ஜூனில் கவர்னர் பிரெண்டன் பர்ன் அட்லாண்டிக் சிட்டியிலேயே நின்று சட்டத்தில் கையெழுத்துப் போட்டு, மாஃபியா கும்பல்களைப் பார்த்து இந்த ஊர்ப் பக்கம் உங்கள் அழுக்குக் கையை நீட்டாதீர்கள் என்று சவால் விட்டார். 1978 மே மாதம் ரிஸார்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற முதல் கேசினோ திறந்தது. இரண்டே வருடத்தில், எஃப்பிஐ நடத்திய ஆப்ஸ்கேம் என்ற பொறியில் அரசியல்வாதிகளோடு ஆணையத்தின் துணைத் தலைவர் பெயரும் அடிபட்டு அவர் ராஜினாமா செய்ய நேர்ந்தது. காவலாளியையே சந்தேகப்படவேண்டி வந்த பிறகு ஆணையத்தைக் கலைத்துப் புதிதாகக் கட்டினார்கள், உறுப்பினர்களை முழுநேர ஊழியர்களாக்கினார்கள்.

இந்த முதியோர் விஷயத்தையும் கொஞ்சம் சொல்லவேண்டும், எனக்கு இதில்தான் உறுத்தல் அதிகம். கேசினோவின் மொத்த வருமானத்தில் 8 சதவீதம் கேசினோ ரெவென்யூ ஃபண்ட் என்ற இன்னொரு கணக்கில் சேர்கிறது. மேலே சொன்ன கன்ட்ரோல் ஃபண்ட் வேறு, இது வேறு. இதிலிருந்துதான் முதியவர்களுக்கு மருந்துச் செலவு உதவி, மருத்துவமனைக்குப் போய்வர வேன் மாதிரியான திட்டங்களுக்குப் பணம் போகிறது. 2006-ல் அட்லாண்டிக் சிட்டி கேசினோக்களின் வருமானம் சுமார் 520 கோடி டாலர், அந்த ஊரின் உச்சமே அதுதான். 8 சதவீதம் என்றால் சுமார் 42 கோடி, ஒரு நாளைக்குப் பதினொரு லட்சம் டாலருக்கு மேல். ஆக அந்த ஜூலையில் ஆட்டம் நின்ற ஒவ்வொரு நாளும் நஷ்டம் முதலாளிக்கு மட்டும் இல்லை, பாட்டியின் மருந்துக் கணக்கிலும் துண்டு விழுந்தது. ஒரு நல்ல காரியத்தைச் சூதாட்ட வருமானத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டால், அப்புறம் சூதாட்டத்தைக் கண்டிக்கும் அலுவலகத்தைக் கண்டிப்பாக இரு என்று சொல்ல எந்த அரசியல்வாதிக்கும் மனசு வராது. டாஸ்மாக்கை வைத்து நம் ஊரில் நடக்கும் வாக்குவாதங்களைப் பார்த்தவர்களுக்கு நான் இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை.

2006-ல் கதை எப்படி முடிந்தது என்றால், ஜூலை 6-ம் தேதி சமரசம் வந்தது. வரி 7 சதவீதம் ஆகும், கூடுதலாக வருகிற பணத்தில் பாதி வீட்டு வரிச் சலுகைக்குப் போகும். 8-ம் தேதி, சனிக்கிழமை, பட்ஜெட் கையெழுத்தாகி, அன்று மாலையே ஸ்லாட் மெஷின்கள் மறுபடி பாட ஆரம்பித்தன. (7 சதவீதம் பின்னால் 2017-லும் 2018-லும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து 6.625-ல் வந்து நின்றது. ரசீதில் மூன்று தசம இடம் வரை ஏன் போகிறது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.)

கேசினோ உலகம் இதை மறக்கவில்லை. 2008-ல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது, இனிமேல் அரசாங்கம் மூடினாலும் கேசினோக்கள் ஏழு நாள் வரை திறந்திருக்கலாம் என்று. 2011 பிப்ரவரியில் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி போட்ட கையெழுத்தில் அதைவிடப் பெரிய மாற்றம். இன்ஸ்பெக்டர் 24 மணி நேரமும் தளத்தில் இருக்கவேண்டும் என்ற விதியே போய்விட்டது. ஆணையத்தின் வேலைகளில் பெரும்பகுதி என்ஃபோர்ஸ்மென்ட் பிரிவுக்கு மாறியது, கூண்டுகள் காலியாயின. சொல்லப்பட்ட காரணம் என்ன தெரியுமா? செலவு. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் 2006 நவம்பரில் கேசினோக்கள் வர ஆரம்பித்து அட்லாண்டிக் சிட்டியின் கூட்டம் கரைந்துகொண்டிருந்தது. கண்காணிப்புச் செலவு எங்களை அமுக்குகிறது, போட்டி போட முடியவில்லை என்றார்கள்.

கவனியுங்கள், மக்களுக்கு ஒரு காசு செலவில்லாமல் சூதாட்டத்தைக் கண்காணிக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே ஏற்பாடுதான் இந்த வாதத்துக்கும் கதவைத் திறந்துவிட்டது. பணம் நாங்கள் கொடுக்கிறோம், அதனால் எத்தனை ஆள் வேண்டும் என்பதில் எங்களுக்கும் பேச்சு உண்டு. மக்கள் வரிப்பணமாக இருந்திருந்தால் ஆட்களைக் குறைக்கவேண்டும் என்று கேட்க கேசினோவுக்கு என்ன உரிமை இருந்திருக்கும்? இதனால்தான் தொழிற்துறையே செலவை ஏற்கட்டும் என்ற யோசனையை யாராவது சொன்னால், அது சரியா தப்பா என்று முடிவுசெய்வதற்கு முன்னால் தொகையை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்கிறேன்.

2011 மாற்றம் முழுக்கக் கெடுதல் என்றும் சொல்லமாட்டேன். நோட்டை எண்ணுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது 1978-க்குப் பொருத்தம். இன்றைக்கு ஸ்லாட் மெஷின் என்பது ஒரு கம்ப்யூட்டர், ஏமாற்று நடந்தால் மென்பொருளுக்குள்ளேதான் நடக்கும். நியூ ஜெர்ஸியின் என்ஃபோர்ஸ்மென்ட் பிரிவு சொந்தமாக ஒரு பரிசோதனைக்கூடம் வைத்திருக்கிறது, புது மெஷின் எதுவானாலும் அங்கே சோதித்த பிறகுதான் தளத்துக்கு வரும். தளத்தில் தூங்கி வழியும் ஒரு இன்ஸ்பெக்டரைவிடச் சோதனைக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு எஞ்சினீயர் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆள் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை என்ற அந்தப் பிடி போய்விட்டது. அதற்கு ஈடாக எதுவும் வரவில்லை.

அதன் விளைவைப் பார்க்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறுபடி ஜூலை 1, மறுபடி பட்ஜெட் இல்லை, இந்த முறை மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் உபரிப் பணத்தை வைத்துச் சண்டை. கிறிஸ்டி அரசாங்கத்தை மூடினார். மாநிலப் பூங்காக்கள் மூடின, மாநிலக் கடற்கரைகள் மூடின, சுதந்திர தின வாரக் கடைசியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் வாசலில் இருந்து திரும்பிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளிதழின் புகைப்படக்காரர் விமானத்திலிருந்து எடுத்த படத்தில், மூடிக்கிடந்த ஐலண்ட் பீச் கடற்கரையில் கவர்னர் மட்டும் குடும்பத்தோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு வெயிலே படவில்லை என்று அவர் நிருபர்களிடம் சொல்லியிருந்தார். படம் வெளியானதும் அவருடைய செய்தித் தொடர்பாளர், ஆமாம் படவில்லை, தொப்பி போட்டிருந்தார் என்றார். உலகமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் இன்னொன்றை யாரும் கவனிக்கவில்லை. அந்த மூன்று நாளும் அட்லாண்டிக் சிட்டி கேசினோக்கள் ஒரு நிமிடம்கூட மூடவில்லை.

கண்காணிப்புக்குப் பல்லில்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் நல்ல பாடம். மெல்போர்னில் கிரவுன் என்று ஒரே ஒரு கேசினோ, பிரம்மாண்டமானது. மதுவுக்கும் சூதாட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஆணையம் இருந்தது. 2017-லேயே மாநிலத் தணிக்கை அலுவலகம் இந்த ஆணையத்தின் கண்காணிப்பு போதவில்லை என்று அறிக்கை கொடுத்தது. 2021-ல் ரே ஃபின்கெல்ஸ்டீன் தலைமையில் நடந்த ராயல் கமிஷன் விசாரணையில், கேசினோ நடத்துவதற்கே கிரவுன் தகுதியற்றது என்று தீர்ப்பு. அதற்குப் பிறகுதான் அரசு முழித்துக்கொண்டு 2022 ஜனவரி 1 முதல் சூதாட்டத்துக்கென்றே தனி ஆணையம் அமைத்தது, அதிகபட்ச அபராதத்தை 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 10 கோடி டாலராக உயர்த்தியது. அந்த வருடமே மே மாதம் 8 கோடி, நவம்பரில் 12 கோடி என்று கிரவுன் மேல் அபராதம் விழுந்தது. ஆணையத்துக்குச் செலவிட யோசித்த காலத்தில் இந்தப் பணமெல்லாம் எங்கே இருந்தது? அதே கட்டிடத்துக்குள்தான் இருந்தது, யாரும் போய்க் கேட்கவில்லை.

தமிழ்நாட்டிலும் ஒரு ஆணையம் இருக்கிறது, பலருக்கு மறந்திருக்கும். 2022-ல் கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தின் கீழ் அமைந்த இணையவழி விளையாட்டு ஆணையம். 2025 பிப்ரவரியில் அது போட்ட விதிகளில் ஆதார் சரிபார்ப்பு, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தடை, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் கட்டி ஆடக்கூடாது என்பதெல்லாம் இருந்தன. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே நாடு முழுக்கத் தடைசெய்து சட்டம் போட்டுவிட்டது. தடை வந்துவிட்டதால் இனி ஆணையத்துக்கு எதற்குச் செலவு என்று யாராவது கிளம்பினால் ஆச்சரியப்படமாட்டேன். வெளிநாட்டிலிருந்து ஓடும் செயலிகளுக்குச் சட்டம் தெரியாது. உரிமம் வாங்கியவர்களைக் கண்காணிப்பதைவிட உரிமமே வாங்காதவர்களைத் தேடிப் பிடிப்பதற்குத்தான் ஆளும் பணமும் அதிகம் வேண்டும். அதற்குக் கட்டணம் கட்ட அங்கே யாரும் வரப்போவதில்லை, முழுச் செலவும் அரசுடையது.

திரும்ப நியூ ஜெர்ஸிக்கு வருகிறேன். 2014 ஒரே வருடத்தில் அட்லாண்டிக் சிட்டியில் நான்கு கேசினோக்கள் மூடின, 2016-ல் சித்தி சிரித்த தாஜ்மஹாலும் மூடியது. மூடிய கட்டிடங்களில் இரண்டு பிறகு வேறு பெயரில் திறந்ததில், 12 இருந்த இடத்தில் இப்போது 9. ஆனால் ஆட்டம் குறையவில்லை, கைக்கு வந்துவிட்டது. 2013 நவம்பரில் ஆன்லைன் கேசினோ தொடங்கியது, 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு விளையாட்டுப் பந்தயமும் சட்டபூர்வமானது. 2020 மார்ச் நடுவில் கொரோனாவுக்காகக் கேசினோக் கட்டிடங்கள் எல்லாம் மூடி ஜூலை தொடக்கத்தில்தான் திறந்தன, அந்த மாதங்களில் ஆன்லைன் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஆன்லைன் உரிமம் வைத்திருப்பவர்கள் சூதாட்டத்துக்கு அடிமைப்பட்டவர்களுக்கான உதவிக்கென்று வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் கட்டவேண்டும். அவர்கள் விளம்பரத்துக்குச் செலவழிப்பதை டிவியில் கால்பந்து பார்க்கிற யாரும் ஊகித்துக்கொள்ளலாம். விளம்பரத்தின் கடைசியில் மூச்சுவிடாமல் வாசித்துவிட்டுப் போகும் ஹெல்ப்லைன் எண் மாதிரி ஒரு தொகை.

2025 ஜூன் 30 இரவு கவர்னர் பில் மர்ஃபி போட்ட கையெழுத்தில் ஆன்லைன் கேசினோ வரி 15 சதவீதத்திலிருந்து 19.75 ஆனது, ஆன்லைன் விளையாட்டுப் பந்தயத்துக்கும் அதே 19.75. வரியை ஏற்றியதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வரி ஏற ஏற, மாநிலம் அந்தப் பணத்தை எதிர்பார்த்து உட்காருவதும் ஏறும். அதே வேகத்தில் கண்காணிப்புக்கான ஒதுக்கீடும் ஏறுகிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. மாநில பட்ஜெட் புத்தகம் இணையத்தில் கிடைக்கும். கேசினோ கன்ட்ரோல் ஃபண்ட் என்று தேடினால் இரண்டு இடத்தில் வரும், ஆணையத்துக்கு ஒன்று, என்ஃபோர்ஸ்மென்ட் பிரிவுக்கு ஒன்று. அந்த வரிகளை வருடத்துக்கு வருடம் வைத்துப் பாருங்கள். தலைப்புச் செய்தியில் அது வராது.

அப்புறம் அந்த ஏழு நாள் விதி அப்படியே இருக்கிறது. 2017-ல் மூன்று நாளில் விஷயம் முடிந்துவிட்டது. எட்டாம் நாள் காலை கேசினோவை மூடச் சொல்லி எந்தக் கவர்னராவது உத்தரவு போடுவாரா, அல்லது ஏழாம் நாள் இரவோடு இரவாகச் சட்டமன்றம் கூடி அதைப் பதினான்கு ஆக்கிவிடுமா என்று என்னைக் கேட்டால், நான் பந்தயம் கட்டுவது பதினான்கின் மேல்தான்.